மட்டில்டாவுக்கு யார் நீலம் பூசியது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இரண்டாம் உலகப்போர்க் காலப் பிரிட்டிஷ் டாங்கியான மட்டில்டாவின் மினியேச்சருக்குப் (சிறு மாதிரிக்கு) பாலைவன உருமறைப்பு பூசும் செய்முறை வந்திருந்தது. "மணல் நிறம், வான்நீலம், கரும்பச்சை, மூன்றே வண்ணம் போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். வான்நீலமாம்! லிபியப் பாலைவனத்தில் டாங்கியை வானத்தில் ஒளித்து வைத்தார்கள் போலிருக்கிறது.

பிரிகேடியர் காண்டர் பெயரால் வழங்கும் அந்த உருமறைப்பு முறையை 1940-41இல் பிரிட்டிஷ் படை பயன்படுத்தியது. அதன் வண்ணங்கள் போர்ட்லண்ட் ஸ்டோன் அல்லது லைட் ஸ்டோன், சில்வர் கிரே, ஸ்லேட். முதல் இரண்டும் மணல் நிறங்கள், சில்வர் கிரே என்பது பச்சை தோய்ந்த வெளிர் சாம்பல், ஸ்லேட் பச்சை தோய்ந்த கருஞ்சாம்பல். போருக்குப் பின் அருங்காட்சியக மறுபூச்சில் புகுந்த நீலம், ஒட்டிப் பொருத்தும் மாதிரி கிட் பெட்டிகளின் அட்டைப்படம் வரை பரவியது. இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. 1940 டிசம்பர் 9 அன்று எகிப்தில் இத்தாலியரின் நிபெய்வா முகாமைத் தாக்கியபோது இந்திய 4ஆம் டிவிஷனுக்கு முன்னே போனவை இந்த மட்டில்டாக்கள்தான். அதற்காகவாவது நிறத்தைச் சரிபார்த்திருக்கலாம்.

மேசையில் நீலம் எப்படி வருகிறது என்பதையாவது சொல்லியிருக்கலாம். கறுப்பையும் வெள்ளையையும் கலந்த சாம்பலை மஞ்சள் கலந்த மணல் நிறத்தின் அருகே வைத்தால் கண்ணுக்கு நீலமாகத்தான் படும். வெளுக்க வைக்க மேலும் வெள்ளை விட்டால் இன்னும் மோசம். மூன்று பங்கு நடுத்தரச் சாம்பலுக்கு ஒரு பங்கு வெளிர் பச்சை, வெளுக்க வேண்டுமானால் வெள்ளைக்குப் பதில் அடிப்பூச்சின் மணல் நிறமே ஒரு சொட்டு. நான் பூசுவது இப்படித்தான், நீலம் தட்டியதில்லை.

"டேப் ஒட்டி ஸ்பிரே அடிக்கவும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பட்டைகள் நேர்கோட்டில், சாய்வாக, ஹல்லிலிருந்து (உடற்பகுதியிலிருந்து) டரட்டின் (சுழலும் பீரங்கிக் கூண்டின்) மேலும் முறியாமல் ஓடுபவை. டரட்டை நேராக முன்னோக்கி வைத்துத்தான் கோடு குறிக்க வேண்டும். தனித்தனியே பூசிப் பொருத்தினால் கோடு கோட்டோடு சேராது. 15 மி.மீ. அளவில் (ஆள் உருவம் ஏறத்தாழ 15 மி.மீ. உயரம் வரும் 1:100 அளவு) மட்டில்டாவின் நீளம் ஐந்தரை செ.மீ.தான். கடையில் வாங்கிய டேப்பின் ஓரத்தை அப்படியே நம்பாமல், புது பிளேடால் 2 மி.மீ. கீற்றாக நறுக்க வேண்டும். ஒட்டியபின் ஓரத்தில் முதலில் மணல் நிறத்தையே மெல்லியதாக ஓட்டினால், கசிவதும் அதே நிறமாக இருப்பதால் தெரியாது. பிறகுதான் சாம்பல், கடைசியில் ஸ்லேட். இருண்ட நிறத்தை முதலில் அடித்துவிட்டால் அதன்மேல் மணல் நிறம் ஏற நாலைந்து பூச்சு பிடிக்கும், ஓரத்தில் வரம்பு கட்டிக்கொள்ளும். பக்கவாட்டுக் கவசத்தில் சேறு வழியும் வாய்களின் மேல் டேப் படியவே படியாது; அங்கே 1ஆம் எண் தூரிகையால் கையாலேயே இழுக்க வேண்டும். டேப்பை வண்ணம் முற்றும் காயுமுன் தாழ்வாக மடக்கி உரிக்க வேண்டும், மேல்நோக்கி இழுத்தால் பூச்சும் சேர்ந்து வரும்.

அதன்மேல் கறுப்பு வாஷை (நீர்க்கக் கரைத்த வண்ணத்தை) முழுக்க ஊற்றச் சொன்ன புண்ணியவான் யார்? ஸ்லேட்டும் சாம்பலும் ஒன்றாகி, பட்டை போட்ட பாடு அத்தனையும் வீண். அடர்பழுப்பு வாஷ் இடுக்குகளிலும் ஆணித்தலை ஓரங்களிலும் மட்டும், நுனித் தூரிகையால்.

இது முதல் தடவையா? 1941 ரஷ்யப் படையெடுப்பு என்று தலைப்பிட்டு, ஜெர்மன் டாங்கிக்கு மஞ்சள், பச்சை, செம்பழுப்பு மூன்றையும் பூசிக் காட்டினீர்கள். மஞ்சள் அடிப்பூச்சுக்கு ஆணை வந்ததே 1943 பிப்ரவரியில்! அதற்கு முன் கருஞ்சாம்பல். அந்தப் பச்சையும் பழுப்பும் பசையாக வந்து, படையினர் பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்துத் தெளித்தவை. பெரும்பாலும் விளிம்பு மங்கலாக இருக்கும். நீங்கள் கத்தியால் வெட்டியதுபோல் போட்டீர்கள். பிறகு பனிப்போர்க் காலத்தில் பெர்லினில் இருந்த பிரிட்டிஷ் சீஃப்டன் டாங்கிகளின் வெள்ளை, சாம்பல், பழுப்புக் கட்டங்களை, நறுக்கென்று இருக்க வேண்டியவற்றை, புகைபோல் மங்க விட்டீர்கள். தலைகீழாகவே செய்வதற்கும் ஒரு திறமை வேண்டும். அப்போது எழுதிய கடிதத்துக்குப் பதில், "கலைஞரின் கற்பனைச் சுதந்திரம்" என்று வந்தது. கற்பனை செய்யட்டும், ஆண்டைப் போட்டுக் கற்பனை செய்ய வேண்டாம்.

படங்கள் வேறு மஞ்சள் விளக்கில் எடுத்தவை. வாசகர் எந்த நிறத்தைப் பார்த்துக் கலப்பது?

அதிகம் கேட்கவில்லை. அடுத்த இதழில், நீலம் இல்லை, சில்வர் கிரே என்று இரண்டு வரித் திருத்தம். இனிவரும் செய்முறைகளில் படத்தின் கீழே மினியேச்சர் அளவும் கலப்பு விகிதமும். பக்கம் போதாதென்றால் கடைசிப் பக்க விளம்பரத்தைச் சற்றுச் சுருக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர் ஒருவர்