மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவுவதை நேரத்தோடு கண்டறிய ஏற்பாடு செய்யக் கோரி மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், தென்காசி.
அனுப்புநர்: ஒரு நோயாளியின் மகள், சங்கரன்கோவில் வட்டம்.

ஐயா, வணக்கம்.

என் அம்மாவுக்கு எட்டு வருஷத்துக்கு முன்னால் மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனது. கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு), ஐந்து வருஷம் டாமோக்சிபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்தார். போன வருஷம் இடுப்பு வலி என்று போனபோது, 'வயசாகுதுல்ல, தேய்மானம்தான்' என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ஓ.பி. சீட்டில் டைக்ளோபினாக் (வலி மருந்து), கால்சியம் என்று இரண்டே வரி, பழைய நோயைப் பற்றி ஓர் எழுத்துகூட இல்லை. பழைய ஃபைல் மஞ்சப்பையில் அவர் கையிலேயேதான் இருந்தது, யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தொடை எலும்பு முறிந்த பிறகுதான் எலும்பு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்கள், நோய் எலும்புக்குப் பரவியது அதில்தான் தெரிந்தது. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லி யாரையும் மாட்டிவிட நான் வரவில்லை, எங்கே போயிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

இந்த நோய் வேறு இடத்துக்குப் பரவினால் அதிகம் போவது எலும்புக்குத்தான்: முதுகெலும்பு, விலா, இடுப்பு, தொடை. முதலில் கட்டி பெரிதாக இருந்தவர்கள், அக்குளில் நெறி கட்டி அதிலும் பரவியிருந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். அம்மாவுக்கு இருப்பது போன்ற ஹார்மோன் பாசிட்டிவ் (ஹார்மோனால் வளரும்) வகை பத்து, பதினைந்து வருஷம் கழித்தும் எலும்பில் தலைகாட்டும். ஆனால் எலும்போடு நின்றுவிட்டால், ஈரலுக்கோ மூளைக்கோ போனவர்களைவிடப் பொதுவாக நீண்ட நாள் இருக்கிறார்கள், மருந்துக்கு நோய் கட்டுப்பட்டால் பல வருஷம்கூட. அந்த வருஷங்களை நடமாட்டத்தோடு கழிப்பதா, படுக்கையிலா என்பது எலும்பு முறிவதற்கு முன்னால் பார்க்கிறோமா என்பதில்தான் இருக்கிறது.

வலியே இல்லாத எல்லோருக்கும் ஸ்கேன் எடுங்கள் என்று கேட்கவில்லை. அதில் பெரிய பலன் இல்லை என்று டாக்டர்களே சொல்கிறார்கள், சரி. மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் அக்காக்கள், மார்பகப் புற்றுநோய் வந்து போனவர்களிடம் மட்டும் 'புதுசா எலும்பு வலி இருக்கா, ராத்திரியில கூடுதா' என்று கேட்டு எழுதிக்கொண்டால் போதும். அவர்களின் ஓ.பி. சீட்டில் பழைய நோயைக் குறிக்க ஒரு முத்திரை வையுங்கள். கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் நின்றாலோ தண்டுவடம் நசுங்குவதாக இருக்கலாம், அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், மறுநாள் வா என்றால் கால் திரும்ப வராமலே போகலாம்.

அப்புறம் ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசி. எலும்பு முறிவைக் குறைக்கிற இந்த மருந்து கால் மணி நேரத்தில் ஏறிவிடும். அதற்காக முறிந்த காலோடு அம்மாவை வெளியூருக்குக் கூட்டிப் போகிறோம். சிறுநீரக ரத்தப் பரிசோதனையும் பல் பரிசோதனையும் முடித்து (இந்த மருந்தில் சிலருக்குத் தாடை எலும்பு கெடும்) அதை மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே போட ஏற்பாடு செய்யுங்கள். வலி தாங்காதவர்களுக்கு மார்பின் மாத்திரையும் அங்கேயே கிடைக்க வேண்டும்.

எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். ஓ.பி. சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட் நகல்கள் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மனுதாரர்