பிரேக் யார் கையில் என்று கேட்டீர்கள், அப்பா

மியூனிக்,
மே மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். அங்கே நீங்களும் அம்மாவும் அக்காவும் குட்டியும் நலமா? ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் கடை திறக்க மாட்டார்கள் என்பதால் நேற்றே காய்கறி வாங்கி வைத்துவிட்டு, ஜூலையில் நீங்கள் எல்லோரும் வரும்போது போகவிருக்கும் மலைச் சறுக்கு வண்டிப் பயணத்துக்குக் காலையிலிருந்து திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். போனில் நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "பிரேக் யார் கையில்?" மும்பை மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இத்தனை வருடம் பிரேக் பார்த்தவருக்கு அரைகுறையாகப் பதில் சொல்லக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பிரேக் நம் கையில்தான். ஆல்பைன் கோஸ்டர் என்னும் இந்த வண்டி, மலைச்சரிவில் போட்ட இரண்டு எஃகுக் குழாய்களின் மேல் ஓடுகிறது. சக்கரங்கள் குழாயை மேலிருந்து மட்டுமல்லாமல் அடியிலிருந்தும் பிடித்துக்கொள்வதால், வளைவில் வண்டி எழும்பித் தடம் விட்டுப் போக வழியில்லை. இருபுறமும் ஒவ்வொரு பிடி இருக்கும். முன்னால் தள்ளினால் பிரேக் விடும், பின்னால் இழுத்தால் பிடிக்கும். நாம் பிடிக்க மறந்தாலும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரை நெருங்கும்போது, சுழற்சியின் விசையாலேயே விரிந்து உராயும் இன்னொரு பிரேக் பெரும்பாலான வண்டிகளில் உண்டு. அதை நீங்கள் குனிந்து பார்க்காமல் ஏற மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

முதலில் ஓபராமர்காவ் என்ற ஊருக்குப் போவோம். கோல்பென் மலைக்குக் காலைத் தொங்கவிட்டு உட்காரும் நாற்காலி லிஃப்டில் ஏறி, 2,600 மீட்டர் நீளமும் 73 வளைவுகளும் உள்ள பாதையில் சுமார் 400 மீட்டர் கீழே இறங்க வேண்டும். கர்ஜத்திலிருந்து லோனாவாலா ஏறும் 'போர் காட்' மலை ரயில்பாதையில் 37-க்கு 1 சரிவு, அதாவது 37 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம், என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான். இங்கே சராசரியே ஆறரைக்கு 1. முர்னாவில் மாறி ஏறும் கிளை ரயில் பாதையும் உங்களுக்குப் பிடிக்கும். நம் மும்பை வி.டி. (விக்டோரியா டெர்மினஸ்)–குர்லா மின்ரயில் 1925-இல் நேர்மின்னோட்டத்தில் ஓடத் தொடங்கியதென்றால், இந்தச் சிறிய பாதையில் 1905-இலேயே ஒற்றைக்கட்ட மாறுமின்னோட்டத்தில் ரயில் ஓடியிருக்கிறது. ஜன்னலோரம் உங்களுக்கு.

மறுநாள் பாட் டோல்ஸ் பக்கத்திலுள்ள ப்ளோம்பெர்க். அங்கே கோஸ்டரோடு, பனியில் சறுக்கும் பாப்ஸ்லெட் வண்டியின் பாதை போல, கோடையில் சறுக்கத் திறந்த தொட்டிப் பாதையும் இருக்கிறது. அதில் வண்டியைத் தடத்தோடு பிணைக்கும் எதுவும் கிடையாது. ஈரத்தில் பிரேக் பிடிக்காது என்பதால், மழை வந்தால் மூடிவிடுவார்கள். போன செப்டம்பரில் வேறொரு மலையில், வளைவுக்கு முன்னால் பிடிக்க வேண்டிய பிரேக்கை வளைவுக்குள் போய்ப் பிடித்தேன். பதற்றத்தில் வெளியே நீட்டிய முழங்கை தொட்டிச் சுவரில் உரசித் தோல் வழன்றுவிட்டது. அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை. அதனால் தொட்டியில் நானும் அக்காவும் மட்டும் போகிறோம். குட்டிக்கு ஆறு வயதுதான், கோஸ்டரில் என் மடிக்கு முன்னால் உட்காரட்டும். ஆஸ்திரியாவில் இம்ஸ்ட் என்ற ஊரில் 3.5 கிலோமீட்டர் கோஸ்டர் இருக்கிறது. குழந்தையோடு ஒரே நாளில் போய்வர அலைச்சல் என்பதால் இம்முறை விட்டுவிட்டேன்.

அம்மாவைக் கட்டாயம் சல்வார் கமீஸ் எடுத்து வரச் சொல்லுங்கள், துப்பட்டா வேண்டாம். புடவைத் தலைப்பு சக்கரத்தில் சிக்கிக்கொள்ளும் என்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது. வண்டியில் காலை முன்னால் நீட்டித் தாழ்வாக உட்கார வேண்டியிருக்கும். உங்கள் முழங்கால் அதற்கு ஒத்துழைக்குமா என்று தரையில் உட்கார்ந்து எழுந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் டிக்கெட் எடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்