சங்கத்தின் ஆண்டறிக்கை: மாணவர் பயிற்சித் திட்டமும் பிறவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மறைந்த நம் உறுப்பினர்கள் இருவருக்கும் சங்கத்தின் அஞ்சலி. செயற்குழு 11 முறை கூடியது. அதில் 4 கூட்டங்களை, கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லாமல், அரை மணி நேரம் ஒத்திவைத்துத்தான் தொடங்க முடிந்தது. ஆண்டு விழாவும் ரத்ததான முகாமும் வரித் தாக்கல் விளக்கக் கூட்டமும் வழக்கம்போல் நடந்தன. அலுவலகத்துக்குப் புது பீரோ வாங்கினோம்.

இனி மாணவர் பயிற்சித் திட்டம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "சங்கப் பணத்தைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஏன் செலவழிக்க வேண்டும்?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். கணக்குக் கேட்பது உறுப்பினரின் உரிமை. அதனால் பதிலைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

வணிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் பற்று வரவு தெரியும், தேர்வில் இருப்புநிலைக் குறிப்பும் போட்டுவிடுவார்கள். ஆனால் மாலையில் கல்லாவை எண்ணிக் கணக்கை முடிக்கச் சொன்னால் கை நிற்கும். நம் உறுப்பினர்களின் நிறுவனங்களில் ஆறு வாரம் இருந்து அதைப் பழகட்டும் என்பதுதான் திட்டம். 12 பேர் வந்தார்கள். முதல் வாரம் எல்லோருக்கும் ஒரே வேலை. காலை இருப்போடு அன்றைய வரவைக் கூட்டி, செலவைக் கழித்து, வரும் தொகை கல்லாவில் இருக்கிறதா என்று தினமும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரு நிறுவனத்துக்கு நான் பார்வையிடப் போன அன்று, ரொக்கப் புத்தகத்தில் 180 வித்தியாசம் வந்து ஒரு மாணவி முகம் வாடி உட்கார்ந்திருந்தார். மூன்று முறை கூட்டியும் சரியாகவில்லை. அங்கே வெகுகாலமாக இருக்கும் கணக்குப்பிள்ளை, "வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பாரும்மா. மீதியில்லாமல் போனால் எங்கேயோ எண் இடம் மாறியிருக்கலாம், முதலில் அதைத் தேடு" என்றார். மீதி வரவில்லை. மாணவி விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். பில்லில் 1,860, புத்தகத்தில் 1,680. உடனே எண்ணின் மேலேயே திருத்தி எழுதப் போனவரைக் கணக்குப்பிள்ளை தடுத்தார். பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்கச் சொன்னார். அந்தப் பெண் இனி எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அப்படித்தான் திருத்துவார்.

இன்னொரு மாணவர் 100-க்கு வாங்கியதை 125-க்கு விற்றால் லாபம் 25 சதவீதம் என்றார். வாங்கிய விலையில் அது 25, விற்ற விலையில் 20 என்று உரிமையாளர் விளக்கியதும், "அப்போ 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் ஒன்றுமே மிஞ்சாதா?" என்று கேட்டாராம். நமக்கு இது தினப்படி விஷயம். இரண்டு வருடம் படித்தும் அவருக்கு அது பில் போடும் மேசையில்தான் பிடிபட்டது.

நம் சங்கத்தின் சந்தாப் பேரேட்டையும் இரண்டு மாணவர்களிடம் கொடுத்தோம். பெயர்களை மறைத்து, உறுப்பினர் எண் மட்டும் வைத்துத்தான் கொடுத்தேன். அவர்களே பாக்கிகளை 30 நாள், 60 நாள், 90 நாளுக்கு மேல் என்று பிரித்துப் பட்டியல் போட்டார்கள். கடைசிப் பகுதிதான் நீளமாக இருந்தது. பிறகு நம் பட்ஜெட்டை எடுத்து வைத்துக்கொண்டு, முழுச் சந்தாவும் வரவாகக் காட்டியிருந்த இடத்தைச் சுட்டி, "சார், இது வந்த பணமா, வரவேண்டிய பணமா?" என்று ஒருவர் கேட்டார். ஏட்டில் லாபம் இருந்தும் பாக்கி வசூலாகாமல் சம்பளத்துக்குத் திண்டாடும் நிறுவனங்களைப் பற்றி அவர்களுக்குப் பாடம் எடுத்தவனே நான்தான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர்கள் எழுதித் தந்த நினைவூட்டல் கடிதத்தில் தொகையும் தேதியும் தவிர ஒரு கடுஞ்சொல் கிடையாது. அதற்கும் சிலர் எனக்குப் போன் செய்து வருத்தப்பட்டார்கள்.

வருத்தம் எனக்கும் உண்டு. சம்மதக் கடிதம் தந்த 20 நிறுவனங்களில் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டவை 12. பின்வாங்கிய ஒரு நிறுவனத்தின் வாசலில், முன்கூட்டித் தகவல் சொல்லாததால், ஒரு மாணவர் முதல் நாள் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார். அவரை வேறிடத்தில் சேர்த்தோம், ஆனாலும் அது நமக்குத் தலைகுனிவுதான். சேர்த்துக்கொண்ட இடங்களிலும் மூன்றில் டீ வாங்கவும் ஜெராக்ஸ் எடுக்கவும்தான் அனுப்பினார்கள். கணக்கு ரகசியம் என்பது ஒரு காரணம். சரி, பெரிய கணக்கைத் திறக்க வேண்டாம். சில்லறைச் செலவுக்கு ஒரு தொகையை ஒதுக்கி அதை மட்டும் ஒப்படைக்கலாமே. கையிலுள்ள ரொக்கமும் ரசீதுகளின் கூட்டுத்தொகையும் சேர்ந்தால் எப்போதும் ஒதுக்கிய தொகை வரவேண்டும், அவ்வளவுதான். அதனால் எந்த ரகசியமும் வெளியே போகாது. கணக்குக் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தால் போதும்.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியே வைப்பார். பொதுவாகச் சொன்னால் வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. பயிற்சித் திட்டத்துக்கு எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதலாயிற்று. அதைக் கட்டட நிதியிலிருந்து தற்காலிகமாக எடுத்திருக்கிறோம், சந்தா வந்ததும் திருப்பி வைக்கப்படும்.

ஒத்துழைத்த தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், அலுவலக உதவியாளர், மாணவர்களை அனுப்பிய கல்லூரிப் பேராசிரியர்கள் அனைவருக்கும் நன்றி. அந்தக் கணக்குப்பிள்ளை ஐயாவுக்குத் தனியாக நன்றி சொல்ல விரும்புகிறேன்.

அடுத்த ஆண்டு திட்டம் நடக்க வேண்டுமா என்பதைப் பொதுக்குழு தீர்மானிக்கட்டும். வேண்டும் என்றால் நான் உழைக்கத் தயார். வேறொருவர் ஏற்றாலும் கோப்புகளை மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடிந்த அன்று தரவேண்டிய உதவித்தொகையை இரண்டு வாரம் கழித்துத்தான் கொடுத்தோம். அன்றன்றைய கணக்கை அன்றன்றே முடிக்கச் சொல்லிக்கொடுத்த நாமே அவர்களைக் காக்க வைத்தோம். சந்தா முதல் 30 நாளுக்குள் வந்துவிட்டால் இது திரும்ப நடக்காது.

சம்மதப் படிவங்கள் வாசலருகே மேசையில் இருக்கின்றன, ரசீதுப் புத்தகமும் அங்கேதான். ரசீது எழுதித் தர, பேரேட்டைப் பார்த்த அந்த இரண்டு மாணவர்களும் வந்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்து ஒரு மணி நேரம் வரை இருப்பார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்