தாதியருக்கு எதற்கு ஆராய்ச்சி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அனைத்துலகத் தாதியர் தினத்துக்காக உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த சிறப்பிணைப்பைப் படித்தேன். ஆண்டுக்கு ஒருமுறையாவது எங்களை நினைத்துக்கொள்வதற்கு நன்றி. ஆனால் மூன்றாம் பக்கக் கட்டுரையில் ஒரு வரி வருகிறது: "தாதியருக்கு எதற்கு ஆராய்ச்சியும் பட்டமும்? அன்பான கையும் கனிவான சொல்லும் இருந்தால் போதுமே." பசியாற உட்கார்ந்தவள், அதோடு பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அந்தக் கட்டுரைக்கு மேலேயே, தாதித் தொழிலின் முன்னோடி நைட்டிங்கேல் அம்மையார் விளக்கோடு நிற்கும் படம். ஆண்டுதோறும் அதே படம்தான். அவர் கையில் விளக்கு மட்டுமா இருந்தது? கிரீமியப் போரில் குண்டடியைவிட நோயால்தான் சிப்பாய்கள் அதிகம் செத்தார்கள் என்று கணக்கெடுத்து, 1858-இல் அதை வண்ண வரைபடமாகப் போட்டு அரசாங்கத்தின் முன் வைத்தவர் அவர். லண்டன் புள்ளியியல் சங்கம் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட முதல் பெண்மணி. உங்களுக்குத் தெரியாததில்லை. உங்கள் கட்டுரையாளருக்கும் சொல்லியிருக்கலாம்.

நான் மலேசிய அரசாங்க மருத்துவமனை வார்டுகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். நான் பயிற்சிக்குச் சேர்ந்த காலத்தில், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் முதுகையும் இடுப்பையும் ஸ்பிரிட் போட்டுத் தேய்த்து, பவுடர் தூவுவது எல்லா வார்டுகளிலும் வழக்கம். தோல் சிவந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நேரம் தேய்ப்பார்கள். அன்புக்கு அங்கே குறைச்சலே இல்லை, சார். இருந்தும் படுக்கைப் புண் வந்தது. லண்டனில் டோரீன் நார்ட்டன் என்ற தாதி முதியோர் வார்டுகளில் இதைச் சோதித்துப் பார்த்து 1962-லேயே எழுதினார்: எந்தத் தைலத்தைப் பூசுகிறோம் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை, ஒரே இடத்தில் விழும் அழுத்தத்தைக் குறைப்பதும், நேரம் பார்த்துத் திருப்பிப் படுக்க வைப்பதும்தான் முக்கியம். யாருக்குப் புண் வரக்கூடும் என்று முன்கூட்டியே மதிப்பெண் போட்டுக் கண்டுபிடிக்கும் முறையையும் அவர்தான் கொடுத்தார். சிவந்த இடத்தைத் தேய்த்தால் உள்ளே இருக்கும் சதை இன்னும் கெடும் என்பது பிற்பாடு வந்த ஆய்வுகளில் தெரிந்தது. இன்று தேய்க்கக் கூடாது என்றே பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். தாதி ஒருத்தி கேள்வி கேட்டதால் வந்த மாற்றம் இது.

அப்புறம் ஆள் பற்றாக்குறை. இரவு வேலையில் வார்டு நிறைய நோயாளிகளை வைத்துக்கொண்டு இரண்டு பேர் ஓடிய ராத்திரிகளை நான் மறக்க முடியாது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளின் அறுவைச் சிகிச்சை நோயாளிகளை வைத்து லிண்டா எய்க்கன் என்ற தாதியும் அவருடைய குழுவும் செய்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. ஒரு தாதியின் பொறுப்பில் ஒரே ஒரு நோயாளி கூடினாலும், அந்த நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது என்றது அது. 2014-இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பார்த்தபோதும் அதே 7 விழுக்காடுதான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016-இல் பகலில் ஒரு தாதிக்கு நான்கு நோயாளி, இரவில் ஏழு என்று பல மருத்துவமனைகளில் விதியே கொண்டுவந்தது. அதற்குப் பிறகு அங்கே சாவு குறைந்ததையும் கணக்கெடுத்துக் காட்டிவிட்டார்கள். இங்கே 2024-இல் எங்கள் வேலை நேரத்தை வாரம் 42 மணியிலிருந்து 45 மணியாக்கும் பேச்சு எழுந்தபோது, இந்த ஆய்வுகளைச் சொல்லி உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அது வரவில்லை. அந்த வாரம் ஒரு நடிகையின் திருமணத்துக்கு முழுப் பக்கம் கொடுத்திருந்தீர்கள்.

வேலையில் இருந்தபோது நாங்கள் சிலர் சேர்ந்து, இரவில் கட்டிலிலிருந்து விழுபவர்களைப் பற்றிக் குறித்துவைத்தோம். பெரும்பாலும் கழிவறைக்குப் போக எழுந்து விழுந்தவர்கள். தூங்கப் போகுமுன் நாங்களே கேட்டு அழைத்துப் போக ஆரம்பித்தோம், விழுவது குறைந்தது. எங்கள் நோட்டு மேலிடத்துக்குப் போனது. கருத்தரங்கில் வேறொருவர் பெயரில் மேடையேறியது. எங்களுக்கு ஓர் அழைப்பிதழ்கூட வரவில்லை. தாதிக்கு எதற்கு ஆராய்ச்சி என்ற அதே நினைப்புதான் அங்கேயும்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இனிப்புநீர் (சர்க்கரை நோய்) முற்றி, ஒரு பெரிய மருத்துவமனையில் இருந்துவிட்டு, பை நிறைய மாத்திரையோடு வீடு திரும்பினார். நான் வேறு ஊரில் வேலையில் இருந்தேன். தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், சின்னக் கொப்புளத்தையும் விடக் கூடாது என்று அவருக்குப் புரிகிற மொழியில் யாரும் சொல்லித் தரவில்லை. முதலில் விரல் போயிற்று, பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அந்த வார்டுத் தாதியர் நல்லவர்கள், பாசமாகப் பார்த்துக்கொண்டார்கள் என்று அம்மாவே சொன்னார். பாசம் இருந்தது, ஐயா. வீட்டுக்கு அனுப்பிய பிறகு என்ன செய்வது என்ற முறைதான் இல்லை. மேரி நெய்லர் என்ற தாதி ஆய்வாளர் 1999-இல் அதைத்தான் காட்டினார். வீடு திரும்பிய முதியவர்களைப் பயிற்சி பெற்ற தாதி தேடிப் போய்ப் பார்த்தபோது, 24 வாரத்துக்குள் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 20 விழுக்காடு. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் 37 விழுக்காடு.

2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த கணக்குப்படி, நாட்டில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். அதில் இந்தியர்களின் விகிதமே அதிகம். எங்கள் ஊர் பெஸ்தாரி ஜெயாவில் வீட்டுக்கு வீடு பார்க்கலாம். தோட்டம் இருந்தபோது, மருந்து கொடுக்கும் தோட்டத்து டிரெசராவது தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பக்கம் வந்துபோவார். இப்போது லயம் இல்லை, டிரெசர் இல்லை, தோட்டத்து லோரியும் இல்லை. வயதானவர்கள் ஏன் கிளினிக் தேதியைத் தவற விடுகிறார்கள்? பஸ் இல்லையா, அட்டையில் எழுதியது புரியவில்லையா, மகன் வேலைக்குப் போய்விடுகிறானா? இதை உட்கார்ந்து கேட்டு எழுத, தமிழ் பேசுகிற தாதியைவிடப் பொருத்தமானவர் யார்? அவளுக்குத்தான் ஆராய்ச்சி வேண்டாம் என்கிறது உங்கள் பத்திரிகை.

நான் கேட்பது பெரிதல்ல. அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இனிப்புநீர் உள்ளவர்கள் வீட்டிலேயே பாதத்தைச் சோதிப்பது எப்படி என்று உங்கள் மருத்துவப் பகுதியில் படத்தோடு கால் பக்கம் வெளியிடுங்கள். பணம் வேண்டாம், நானே எழுதித் தருகிறேன். இந்தக் கடிதம் நீளம் என்றால் நைட்டிங்கேல் பத்தியை வெட்டிக்கொள்ளுங்கள். அம்மாவைப் பற்றியதில் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாதி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்