கழிவுல இருந்து எடுத்தா மட்டும் பசுமை ஆயிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வைக்கோல், கரும்புச்சக்கை இதுல இருந்தெல்லாம் செல்லுலோஸ், அதாவது செடியோட நார்ப்பொருளை எடுத்து பிளாஸ்டிக்குக்கு பதிலா ஃபிலிம் பண்றாங்கன்னு உங்க பேப்பர்ல வந்த செய்தி படிச்சேன், நல்ல விஷயம்தான், ஆனா சுற்றுச்சூழலுக்கு உகந்த முறைன்னு தலைப்பு போட்டுட்டு அந்த முறை என்னன்னு ஒரு வரி கூட இல்லையே சார்.

பஞ்சுன்னா பிரச்சனை இல்ல, கிட்டத்தட்ட 90 சதவீதம் செல்லுலோஸ்தான். மரம், வைக்கோல் அப்படி இல்ல, லிக்னின்னு பசை மாதிரி ஒரு பொருளும், ஹெமிசெல்லுலோஸ்னு செல்லுலோஸோட ஒட்டியிருக்கற இன்னொரு பொருளும் அதை இறுக்கிப் பிடிச்சிருக்கும், பிரிக்கணும்னா ஏதாவது கெமிக்கல் போட்டே ஆகணும். லேப்ல வழக்கமா பண்றது என்னன்னா காஸ்டிக் சோடால கொதிக்க வைப்பாங்க, அப்புறம் சோடியம் குளோரைட் (சாப்பாட்டு உப்பு இல்ல, வெளுக்கற கெமிக்கல்) போட்டு வெளுப்பாங்க, நானோ கிரிஸ்டல்னு சொல்ற ரொம்ப நுண்ணிய செல்லுலோஸ் துகள் வேணும்னா 60 சதவீதத்துக்கு மேல கந்தக அமிலம், அப்புறம் அமிலம் போற வரைக்கும் தண்ணி ஊத்தி ஊத்தி கழுவணும். அமிலம் அவ்ளோ தண்ணில கரைஞ்சப்புறம் அதை திரும்ப எடுக்கறது லேசுல நடக்காது. மூலப்பொருள் கழிவுங்கற ஒரே காரணத்துக்காக இதுக்கும் பசுமைன்னு பேர் வச்சிடறாங்க!

மரத்தை சோடாவும் கந்தகமும் கலந்த கெமிக்கல்ல வேக வைக்கற பழைய கிராஃப்ட் பேப்பர் மில்லை எல்லாரும் திட்டுவாங்க, அந்த நாத்தம் தாங்காது, நானும் ஒத்துக்கறேன். ஆனா பெரிய மில்லுல, வேக வச்சப்புறம் லிக்னினும் கெமிக்கலும் கலந்து மிஞ்சற கருப்பு திரவத்தை சுண்டக் காய்ச்சி, கெமிக்கலை மீட்டெடுக்கற ரெக்கவரி பாய்லர்ல எரிச்சு, சோடா கெமிக்கலை பெரும்பகுதி திரும்ப எடுத்துக்கறாங்க, அந்த சூட்டுலயே நீராவியும் கரண்ட்டும் கிடைச்சிடுது. வைக்கோல்ல இது சிக்கல், அதுல சிலிக்கா ஜாஸ்தி, காய்ச்சற குழாயெல்லாம் படிஞ்சு அடைச்சுக்கும், சின்ன யூனிட்டுக்கு ரெக்கவரி பாய்லர் கட்டுப்படியும் ஆகாது, அப்போ அந்த திரவம் எங்க போகும்? வாய்க்காலுக்குத்தான். மரம் வெட்டாம பண்ற பேப்பர் சில நேரம் மரத்துல பண்றதை விட மோசமா போறது இதனாலதான்.

வழி இல்லாம இல்ல. எத்தனாலும் தண்ணியும் கலந்து 180 டிகிரிக்கு மேல வேக வச்சா லிக்னின் கரைஞ்சு வந்துடும், எத்தனாலை வடிச்சு திரும்ப யூஸ் பண்ணலாம், லிக்னினும் சுத்தமா தனியா கிடைக்கும், ஆனா பிரஷர் தாங்கற பாத்திரம் வேணும், தீப்பிடிக்கற பயமும் இருக்கு. காஸ்டிக் சோடாவுக்கு பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டா கழிவு திரவத்துல உள்ள பொட்டாசியம் உரத்துக்கு உதவும். வெளுக்கறதுக்கு குளோரின் வேணாம், ஹைட்ரஜன் பெராக்சைடோ ஓசோனோ போதும். கோலின் குளோரைடும் லாக்டிக் அமிலமும் கலந்த புது மாதிரி கரைப்பான் பத்தி இப்போ நிறைய பேசறாங்க, அது லிக்னினை நல்லா கரைக்குது, ஆனா குழகுழன்னு இருக்கும், நார்ல இருந்து முழுசா கழுவி திரும்ப எடுக்கறது பெரிய வேலை. துணில லையோசெல்னு செல்லுலோஸைக் கரைச்சு இழுக்கற நூலுக்கு நல்ல பேர் இருக்கறதுக்கு காரணமே அதுக்குப் போடற கரைப்பான்ல 99 சதவீதத்துக்கு மேல மறுபடி பயன்படுத்தறதுதான், செல்லுலோஸ்ல பண்ற பழைய நூலான விஸ்கோஸ்ல மாதிரி நரம்பைக் கெடுக்கற கார்பன் டைசல்ஃபைடும் கிடையாது.

அதனால அடுத்த தடவை இந்த மாதிரி செய்தி போடும்போது உங்க நிருபர் மூணே மூணு விஷயம் கேட்டு எழுதட்டும். ஒரு கிலோ செல்லுலோஸுக்கு எவ்ளோ தண்ணி, போட்ட கெமிக்கல்ல எவ்ளோ திரும்ப வருது, பிரிச்ச லிக்னினை என்ன பண்றாங்க. பதில் சொல்ல மறுத்தாங்கன்னா அதையும் சேர்த்தே போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்