நீலி கதையை வாசிக்கப் போகும் வாசகர் வட்டங்களுக்கு ஒரு திறந்த மடல்

நூலக வாசகர் வட்டங்களை நடத்தும் பொறுப்பாளர்களுக்கும் பள்ளி நூலகங்களைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பேய், நாட்டார் வழக்கு, தேவதைக் கதை மூன்றும் கலந்த இருண்ட சிறுகதைகளுக்கென்று தனி அமர்வு வைக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் இந்த அமர்வுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கெட்டுப்போகின்றன. ஒருவர் எழுந்து கதைச்சுருக்கம் சொல்வார். இன்னொருவர் கதையின் நீதி என்ன என்று கேட்பார். மூன்றாமவர் பேய் உண்டா இல்லையா என்று ஆரம்பிப்பார். அதோடு கதை தீர்ந்தது. மிச்ச நேரமெல்லாம் விவாதம்.

இந்த வகைக் கதையில் பேய் வருவதற்கு வெகு முன்பே பயம் வந்துவிடுகிறது. அது ஒரு நிபந்தனையாக வந்து உட்கார்ந்துகொள்ளும்: இதை மட்டும் செய்யாதே. அந்த நிபந்தனை எந்த வரியில் வைக்கப்படுகிறது, அதை மீறவைப்பது யார் என்பதைக் கேட்கிறவர்கள் தாங்களே பிடிக்க வேண்டும். அமர்வை நடத்துகிறவருக்கு அதற்கு வழிவிடுவதுதான் வேலை.

பழையனூர் நீலியையே எடுத்துக்கொள்ளுங்கள். திருவாலங்காட்டை ஒட்டிய ஊர் அது. கதை ஊருக்கு ஊர் மாறும். எலும்புக்கூடு மட்டும் மாறாது. முற்பிறவியில் கணவன் கையால் செத்தவள் பழிவாங்கக் காத்திருக்கிறாள். அவன் மறுபிறவியில் வணிகன். கையில் இரும்பு இருக்கும்வரை அவனை அவளால் நெருங்க முடியாது. இதுதான் நிபந்தனை. அவள் கள்ளிக்கொப்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என்னைக் கைவிட்ட கணவன் என்று ஊர்ப் பெரியவர்கள் எழுபது பேரிடம் முறையிடுகிறாள். குழந்தையை இறக்கிவிட்டதும் அது அவனிடம் போய் 'அப்பா' என்கிறது. பெரியவர்கள் நம்பிவிடுகிறார்கள். அவன் வாளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். அதுவும் நியாயமாகத்தான் படுகிறது. உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து வாளை வாங்கிக்கொள்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

இதை வாசித்து முடித்ததும் எந்த வரியில் வயிற்றைப் பிசைந்தது என்று கேட்டுப் பாருங்கள். கொலை நடக்கும் இடத்தைச் சொல்கிறவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். 'அப்பா' என்ற சொல்லிலோ வாளைக் கொடுக்கும் இடத்திலோதான் பலர் வந்து நிற்பார்கள். நிபந்தனை பேயால் உடையவில்லை. நல்லவர்களின் நல்லெண்ணத்தால் உடைந்தது. அதன் பிறகு அவர்கள் வாக்குத் தவறாமலும் இருந்துவிடுகிறார்கள். அது இன்னும் மோசம்.

இதற்குப் பக்கத்தில் வைத்து வாசிக்கப் பொருத்தமானது, பிரெஞ்சுக்காரரான ஷார்ல் பெரோ 1697இல் அச்சிட்ட நீலத்தாடிக்காரன் கதை. (நீலி, நீலத்தாடி என்ற பெயர்ப் பொருத்தம் தற்செயல். அதை வைத்து யாராவது அரைமணி நேரம் பேசக் கிளம்பினால் தடுத்துவிடுங்கள்.) அங்கே நிபந்தனை ஒரு சின்ன அறை: அதைத் திறக்காதே என்கிறான் கணவன். மனைவி திறந்து பார்த்துவிடுகிறாள். உள்ளே அவன் கொன்ற முந்தைய மனைவிகளின் பிணங்கள். கீழே விழுந்த சாவியில் ரத்தக்கறை ஒட்டிக்கொள்கிறது. ஒரு பக்கம் தேய்த்துக் கழுவினால் மறுபக்கத்தில் கறை தெரிகிறது. பெரோ கதையின் முடிவில் செய்யுளில் ஒரு நீதியும் சேர்த்து, பழியை அவள் ஆவல்மேல் போட்டுவிடுகிறார். நீலி கதையிலோ தவறு பஞ்சாயத்தில் நடக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவர்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி நடைமுறை.

ஒரு அமர்வுக்கு ஒரு கதை, மிஞ்சினால் இரண்டு. மூன்றாவது கதை வந்தால் முதல் கதை மறந்துவிடும். பன்னிரண்டு, பதினைந்து பேர் போதும். வட்டமாக உட்காருங்கள், மேடை வேண்டாம். நிதானமாக வாசித்தால் ஆயிரம் சொல்லுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். கதையின் நீளத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இருபத்தைந்து நிமிடத்தைத் தாண்டினால் கதையைச் சுருக்காதீர்கள். வேறு கதை எடுங்கள். ஆளுக்கொரு பத்தியாகச் சுற்றிவரும் வாசிப்பு இங்கே ஆகாது. அடுத்தவர் தன் பத்தியைத் தேடிக்கொண்டிருப்பாரே ஒழியக் கதையைக் கேட்க மாட்டார். ஒரே குரல், தொடக்கம் முதல் முடிவு வரை.

அந்தக் குரலில் நடிப்பு கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். பேய்க்கென்று கரகரப்பு, குழந்தைக்கென்று கீச்சுக்குரல், பின்னணியில் செல்போனிலிருந்து இசை, பாதியில் விளக்கை அணைப்பது என்று போனால் கேட்கிறவர் சிரிப்பார், அல்லது திடுக்கிடுவார். திடுக்கிட்டவர் அடுத்த நிமிடமே தெளிந்துவிடுவார். இந்தக் கதைகள் எழுதப்பட்டிருக்கும் தொனி பஞ்சாங்கம் வாசிக்கும் தொனி. ஜெர்மன் நாட்டார் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் ஜூனிப்பர் மரக் கதை என்று ஒன்று உண்டு. சிற்றன்னை ஒரு சிறுவனைக் கொன்று சமைத்துவிடுகிறாள். அப்பா தெரியாமல் சாப்பிடுகிறார், இன்னும் கொஞ்சம் போடச் சொல்கிறார். இறந்த பையன் பறவையாகி ஒரு தட்டார் வீட்டுக் கூரையில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் பாட்டாகப் பாடுகிறான். தட்டார் கேட்டுவிட்டு ஓடிவருகிறார், வாசலில் ஒரு காலணி கழன்றுவிடுகிறது. ஒரு காலில் காலணி, மறுகாலில் வெறும் காலுறை, ஒரு கையில் தங்கச் சங்கிலி, மறுகையில் குறடு. தெருவெல்லாம் பளிச்சென்று வெயில். கதையில் ஆளை உறையவைக்கும் இடம் இது. அழகான பாட்டு என்கிறார் அவர், திரும்பப் பாடச் சொல்கிறார். இந்தப் பத்தியை ஏற்ற இறக்கம் போட்டு வாசித்தால் ஒன்றும் மிஞ்சாது.

பிரதியைப் பாருங்கள். கிரிம் தொகுப்பின் முதல் பாகம் 1812இல் வந்தது. இன்று பரவலாக மொழிபெயர்க்கப்படுவது 1857ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பு. நடுவில் நிறைய மாறியது. 1812இல் வெண்பனிச் சிறுமியை (ஸ்னோ ஒயிட்) கொல்லச் சொல்பவள் பெற்ற தாய். 1819இல் அவள் மாற்றாந்தாய் ஆனாள். பிள்ளைகள் கசாப்புக்கடை விளையாட்டு விளையாடிய கதை ஒன்று முதல் பதிப்பில் இருந்தது, இரண்டாம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். உங்கள் கையில் இருக்கும் தமிழ்ப் புத்தகம் வெட்டிச் சீவியதா என்று தெரிந்துகொள்ள வெண்பனிக் கதையில் இரண்டு இடம் போதும்: அரசி ஈரலையும் நுரையீரலையும் உப்புப் போட்டு வேகவைத்துத் தின்கிறாளா? கடைசியில் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் காலணியில் ஆடிச் சாகிறாளா? இரண்டும் இல்லையென்றால் அது குழந்தைகளுக்காகச் சுருக்கிய பிரதி. அதற்கென்று இடம் உண்டு, இந்த அமர்வில் இல்லை.

நீலிக்கும் இதே கவனம் வேண்டும். திருவாலங்காட்டுப் பதிகத்தில் சம்பந்தர், ஒருத்தி வஞ்சித்து ஒருவன் உயிரைக் கொண்டதை ஒற்றை அடியில் தொட்டுவிட்டுப் போகிறார், பெயர்கூட இல்லை. சமணக் காப்பியமான நீலகேசியில் அதே பேய் சமண முனிவரிடம் தோற்றுத் திருந்தி, ஊர் ஊராகப் போய் வாதம் செய்கிறது. குமரி மாவட்டத்தில் அவள் இசக்கி. கொடை விழாவில் வில்லுப்பாட்டில் பாடப்படுகிறவள், கும்பிடப்படுகிறவள். உங்கள் வட்டத்தில் இசக்கியைக் குலதெய்வமாகக் கொண்டவர் இருக்கலாம். அவருக்கு இது திகில் கதை இல்லை. அறிவிப்புப் பலகையில் 'பயங்கரப் பேய் நீலி' என்று எழுதி வைக்காதீர்கள்.

கள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. நகரத்துப் பிள்ளைகள் பலர் அதைப் பார்த்ததே இல்லை. வேலியோரத்தில் ஒரு கொப்பு ஒடித்து வந்து காகிதத்தில் வையுங்கள். ஒடித்த முனையில் வெள்ளையாகப் பால் வடியும். விஷம், கண்ணில் பட்டால் ஆபத்து. யாரையும் தொடவிடாதீர்கள், எடுத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தையாக மாற்ற இத்தனை மரம் செடி இருக்கக் கதைக்கு ஏன் இது கிடைத்தது என்று அதைப் பார்த்தாலே யோசிக்கத் தோன்றும். கள்ளிப்பால் என்றதும் நம் பக்கத்துக்காரர்களுக்கு நினைவு எங்கே போகும் என்பது உங்களுக்குத் தெரியும். அதை நீங்கள் சொல்ல வேண்டாம்.

வாசித்து முடித்ததும் இரண்டு நிமிடம் யாரும் பேச வேண்டாம். பிறகு முதல் கேள்வி: எந்தப் பொருள் கண்ணில் நிற்கிறது? வாளா, சாவியா, கழன்ற காலணியா? பொருளைப் பற்றிப் பேச யாருக்கும் படிப்புத் தேவையில்லை. வாயே திறக்காதவர்கூடப் பதில் சொல்வார். இரண்டாவது: எதைச் செய்யக் கூடாது என்று இருந்தது, அது யார் யாருக்குத் தெரியும்? மூன்றாவதாக, பயம் தொடங்கிய வரியைப் பிரதியில் தேடச் சொல்லுங்கள். பெண்களையே ஏன் பேயாக்குகிறார்கள், சாதி இதில் எங்கே நிற்கிறது என்ற கேள்விகள் இதற்குப் பிறகு தானாக எழும். எழட்டும், அவை முக்கியமான கேள்விகள். முதலிலேயே எழுப்பினால் எல்லோரும் ஏற்கெனவே தெரிந்த பதிலைச் சொல்லிவிட்டு எழுந்து போவார்கள்.

பேய் உண்டா என்று கேட்கிறவருக்குப் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யைக் கொடுத்தனுப்புங்கள். கடைசிவரை அந்தக் கதை அவருக்குப் பதில் சொல்லாது.

இன்னும் ஒன்று. ஜூனிப்பர் மரம் போன்ற கதையைத் தொடங்கும் முன், 'இதில் ஒரு குழந்தை கொல்லப்படுகிறது' என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். சுவாரசியம் கெடாது. பிள்ளையைப் பறிகொடுத்தவர் யார் என்று நமக்குத் தெரியாது. வேண்டாம் என்று எழுந்து போகிறவரிடம் காரணம் கேட்காதீர்கள். ஜூனிப்பர் மரக் கதையைப் பத்தாம் வகுப்புக்குக் கீழே எடுக்க வேண்டாம். நீலியை எட்டாம் வகுப்பிலிருந்து வாசிக்கலாம்.

மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால் ஏழரைக்கு முடித்துவிடலாம். பேருந்து நிறுத்தம் வரை யாரும் தனியாக நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டால் பயமில்லை என்றுதான் சொல்வார்கள்.

இப்படிக்கு,
கதைகளை உரக்க வாசிக்கும் சிலர்