உளிக்கு ஒரு ‘எதற்கு’, உனக்கு வேறொன்று

சுங்கை சிப்புட்

ஐயா,

பதவி உயர்வு கிடைத்த மறுவாரமே “இனி எதுக்கும்மா இதெல்லாம்? ஒரே வெறுமையா இருக்கு” என்று கேட்டாய். தொலைபேசியில் பதில் சொல்லி அடங்குகிற கேள்வியா அது? அதனால் எழுதுகிறேன். பசியாறிவிட்டு நிதானமாகப் படி.

‘எதற்கு’ என்பது பார்க்க ஒரு சொல்தான். கருவியிடம் கேட்டால் ஒரு பொருள், மரத்திடம் கேட்டால் ஒரு பொருள், ஆளிடம் கேட்டால் இன்னொரு பொருள். நீ உன்னிடம் கேட்டது கருவியிடம் கேட்கிற கேள்வி என்று எனக்குப் படுகிறது.

ரப்பர் மரத்தில் பால்வெட்டும் உளியை நினைத்துப் பார். அதன் வாய் ஏன் மடங்கியிருக்கிறது? ஒரு வெட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைத்தான் சீவ வேண்டும். உள்ளே பட்டையை வளர்க்கும் படலத்துக்கு முன்னால் ஒரு மில்லிமீட்டராவது விட்டுவைக்க வேண்டும். அதைத் தொட்டால் மரம் காயப்பட்டு முண்டு முண்டாகத் தடிக்கும். பிறகு புதுப்பட்டை வந்தாலும் அங்கே வெட்டுக்கோடு ஓடாது. கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சுமார் 30 பாகை சரிவதற்கும் காரணம் உண்டு. பால்குழாய்கள் செங்குத்தாக ஏறாமல் சற்று வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இந்தச் சரிவில்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஆக, அந்த மடிப்பும் கூரும் எல்லாம் வெட்டுகிறவரின் தேவையிலிருந்து வந்தவை. உளிக்கென்று சொந்தத் தேவை எதுவும் கிடையாது.

மரத்திடம் கேட்டால் கதை வேறு. பால் ஏந்தும் நம் மங்கு நிறைவதற்காக மரம் பால் வைத்திருக்கவில்லை. பட்டை கிழிந்த இடத்தில் பால் உறைந்து காயத்தை அடைக்கும்; கடிக்க வந்த பூச்சியின் வாயை ஒட்டிவிடும். “மரத்துக்குப் பால் எதற்கு?” என்றால் விடை மரத்தின் பிழைப்பிலேயே இருக்கிறது. பழைய கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில் இயற்கையெங்கும் இப்படி ஒரு நோக்கத்தைக் கண்டார். 1677இல் வெளிவந்த நூலில் டச்சுத் தத்துவஞானி ஸ்பினோசா அதை மறுத்தார்: நோக்கம் நம் மனசில் இருக்கிறது, நாம்தான் அதை இயற்கையின் மேல் ஏற்றிச் சொல்கிறோம் என்றார். 1859இல் டார்வின் ஒரு வழி காட்டினார். திட்டம் போட்டவர் யாரும் இல்லை. உதவிய மாற்றம் தங்கியது, உதவாதது கழிந்தது. இன்று உயிரியலில் ‘இதற்காக’ என்று சொன்னால் பெரும்பாலும் அந்த நீண்ட கதையின் சுருக்கம் அது.

அரிஸ்டாட்டில் சறுக்கிய இடமும் இங்கேதான். செடி விலங்குக்காக, விலங்கு மனிதனுக்காக என்று எழுதினார். அதோடு நிற்காமல், அடிமை என்பவன் ‘உயிருள்ள கருவி’ என்றும் எழுதினார். தோட்டத்து மண்ணில் இருந்துகொண்டு அந்த வரியைச் சும்மா கடந்து போக முடியாது. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைச் சேர்ப்பது 1910இல்தான் நின்றது. மர நிரைக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு உளி என்று எழுதிய கணக்குப் புத்தகத்தில் ஆளும் உளியும் ஒரே வரிசையில் நின்றன.

ஜெர்மன் தத்துவஞானி கான்ட் 1785இல் போட்ட விதி இதற்கு நேர் எதிர்: எந்த மனிதரையும் வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே, அவர் தம்மளவிலேயே ஒரு முடிவு, அதாவது வேறொன்றுக்கு வழியாக இல்லாத இலக்கு. இதில் ‘மட்டும்’ என்ற சொல்லைக் கவனி, பலர் அதை விட்டுவிட்டுத்தான் படிக்கிறார்கள். ரொட்டி போடுகிறவரிடம் ரொட்டி வாங்குவதில் ஒரு தப்பும் இல்லை. அவரும் தெரிந்தேதான் விற்கிறார். திருப்பித் தரும் எண்ணமே இல்லாமல் “அடுத்த மாசம் தந்துவிடுகிறேன்” என்று கடன் வாங்கினால் தப்பு. கொடுப்பவர் உன் உள்ளெண்ணம் தெரிந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்கவே முடியாது. இந்தச் சோதனையை உன் கீழே வேலை செய்கிறவர்கள் விஷயத்தில் போட்டுப் பார். உன் மேலேயும் போடு. கான்ட் ‘உன்னிடத்திலும்’ என்று சேர்த்தே சொன்னார்.

இனி உன் கேள்வி. ஒரு தாளை எடுத்து இன்று செய்த வேலை ஒன்றை அடியில் எழுது. ‘எதற்கு’ என்று கேட்டு, விடையை அதன் மேலே எழுது. நாலைந்து படியில் பேனா நிற்கும். பிறகு ஒவ்வொரு மேற்படியையும் அடித்துவிட்டு, கீழ்ப்படி இன்னும் வேண்டுமா என்று கேள். சில உடனே உதிரும்; சம்பளம் அப்படி. சில நிற்கும்; கைத்தேர்ச்சி, நட்பு போன்றவை மேலுள்ளதற்கும் உதவும், தமக்காகவும் வேண்டியவை. வேறெதற்காகவும் இல்லாமல் தனக்காகவே வேண்டப்படுவதை அரிஸ்டாட்டில் உச்சியில் வைத்தார். நன்றாக வாழ்வது என்று அதற்குப் பெயர்.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் உண்டு. ஒன்று, சுற்றிவிடுவது: சம்பளம் காருக்கு, கார் வேலைக்குப் போக, வேலை சம்பளத்துக்கு. இரண்டாம் படியிலேயே ‘சந்தோஷம்’ என்று எழுதிவிட்டால் அதோடு தாள் மூடிவிடும். இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. எல்லாச் சங்கிலியும் எங்கோ ஓரிடத்தில் முடிகிறது என்பதால், எல்லாம் ஒரே இடத்தில் முடிகிறது என்று ஆகாது. 1957இல் ஆங்கிலத் தத்துவஞானி எலிசபெத் ஆன்ஸ்கம் இதைச் சுட்டிக்காட்டினார். உன் தாளில் மூன்று உச்சிகள் வந்தால் பதறாதே.

அளவுகோலையே முடிவாக எடுத்துக்கொள்வதும் உண்டு. எடைக்குக் கூலி என்றால் பாலில் தண்ணீர் கலக்கும். அதனால்தான் பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலாக் மானியைப் போட்டுப் பார்க்கிறார்கள். உன் அலுவலகத்து இலக்குகளில் எவ்வளவு தண்ணீர் என்று உனக்கே தெரியும்.

வெறுமைக்கு வருகிறேன். செயல் இரண்டு வகை என்று அரிஸ்டாட்டில் பிரித்தார். வீடு கட்டுவது ஒரு வகை. முடிந்த அன்றே அந்தச் செயல் செத்துப்போகும். பார்ப்பது இன்னொரு வகை. பார்க்கிற கணத்திலேயே அது நிறைவாகிவிடுகிறது, மிச்சம் வைப்பதில்லை. பட்டம், பதவி, வீட்டுக்கடன் என்று நீ பிடித்தவை எல்லாம் கட்டி முடிக்கிற வகை. ஒவ்வொன்றையும் அடைந்ததும் கையில் ஒன்றும் இல்லாமல் போவது உன் குறை இல்லை, அந்த வகையின் சுபாவம். அதே வேலையில் மற்ற வகையும் கலந்திருக்கும்: புதிதாக வந்த பையனுக்குச் சொல்லிக்கொடுப்பது, சிக்கலை உட்கார்ந்து யோசிப்பது. உன் தாளில் அவை இருக்கின்றனவா என்று பார். (நம் மொழியில் கட்டுகிற வீடும் ‘வீடு’, விடுதலையும் ‘வீடு’. வள்ளுவர் அறம், பொருள், இன்பம் என்று மூன்று பால் எழுதி, வீட்டுக்குத் தனிப்பால் வைக்காமல் விட்டார்.)

முடிவு நல்லதென்றால் வழி எப்படியும் இருக்கலாமா என்று நீ கேட்கவில்லை. ஆனால் மேலாளர் நாற்காலியில் அது தானாக வந்து உட்காரும். குறள் 292, குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்கிறது. குறள் 656, ஈன்றவள் பசியைக் காண நேர்ந்தாலும் சான்றோர் பழிக்கும் வினையைச் செய்யாதே என்கிறது. தாயாக இருந்துகொண்டு இரண்டாவதை எழுதக் கை கொஞ்சம் தயங்குகிறது, இருந்தாலும் நான் அதன் பக்கம்தான். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க குறள் 292இல் உள்ள ‘புரைதீர்ந்த’ (குற்றமற்ற) என்ற சொல் போதுமா, போதாதா? தீபாவளிக்கு வருமுன் உன் தாளோடு சேர்த்து இதற்கும் பதில் எழுது.

அம்மா